அச்சேறிய சொல்லின் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அச்சு நாளிதழ்கள் நாடுதோறும் அருகி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். மக்களுக்குப் படிக்கும் பழக்கம் குறைந்துவிட்டதே இதற்குக் காரணம் என்றும், எந்த வடிவில் வந்தாலும் செய்தி செய்திதான் என்பதால் தாள் மறைவதை எண்ணி வருந்துவது வெறும் பழமைப் பற்று என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இவ்விரண்டு கருத்துகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாளிதழின் அச்சகத்தில் 31 ஆண்டுகள் பிழை திருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தாளோடு சேர்ந்து வேறு எது போகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடிதத்தின் நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் படிக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இன்று கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களில் கணிசமானோர் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளிதழில் வரும் நல்ல செய்தி, அந்த நாளிதழ் அச்சில் மட்டுமே வந்த காலத்தில் எட்டாத தொலைவுக்கெல்லாம் இப்போது சில நிமிடங்களில் போய்ச் சேர்கிறது. ஆகவே குறைந்தது வாசகர் தொகை என்று சொல்வதற்கில்லை. வாசகர்களை நம்பிப் பிறர் கொடுத்துவந்த பணம்தான் குறைந்தது.

இந்தப் பணத்தின் கதை பழையது. 1833ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ‘தி சன்’ என்னும் நாளிதழ், மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தபோது ஒரு சென்ட்டுக்கு விற்கப்பட்டது. அந்த ஒரு சென்ட்டை நம்பி அது நடக்கவில்லை. வாங்குவோர் பெருகினால் விளம்பரம் பெருகும் என்ற கணக்கை நம்பி நடந்தது. அன்று வேர்விட்ட அந்தக் கணக்குதான் அதன்பிறகு ஏறத்தாழ 170 ஆண்டுகள் உலகெங்கும் நாளிதழ்களைத் தாங்கி நின்றது. வாசகர் கொடுத்த காசு பெரும்பாலும் தாளுக்கும் மைக்கும் விநியோகத்துக்குமே சரியாகப் போயிற்று. நீதிமன்றத்தில் நாள் முழுக்கக் காத்திருந்த நிருபருக்கும், அவர் எழுதியதைச் செப்பனிட்ட உதவி ஆசிரியருக்கும், அதில் எழுத்துப் பிழை பார்த்த என் போன்றோருக்கும் சம்பளம் கொடுத்தவை வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, மணமகள் தேவை என்று வந்த வரி விளம்பரங்களும், கடைகளும் நிறுவனங்களும் கொடுத்த பெரிய விளம்பரங்களும்தான்.

அவற்றுள் வரி விளம்பரங்கள்தான் முதலில் போயின. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கான ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் இணையதளம், அவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டணமின்றியே வெளியிட முன்வந்தது. கட்டணம் வாங்கி வெளியிட்ட நாளிதழ் அதோடு எப்படிப் போட்டியிட முடியும்? பெரிய விளம்பரங்கள் பின்னர் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சென்றன. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய் 2005இல் ஏறத்தாழ 4,900 கோடி டாலராக இருந்தது. 2020இல் அது 1,000 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தை ஒட்டி, 2008க்கும் 2020க்கும் இடையில், அந்நாட்டு நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 71,000இலிருந்து 31,000 ஆகச் சுருங்கியது. படிப்பவர்கள் கைவிட்டதால் இத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று சொல்வது அந்தப் படிப்பவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அச்சு என்பது சிறிதாகச் சுருக்கி நடத்தத்தக்க தொழில் இல்லை என்பதையும் கட்டுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. இரவில் ரோட்டரி அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கி முதல் பிரதி வெளியே வரும்போதே அன்றைய செலவின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கும். செய்தி சேகரித்த செலவு, பக்கம் அமைத்த செலவு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு நிறத்துக்கு நான்கு அச்சுத் தகடு (பிளேட்) போட்ட செலவு ஆகியவை பத்தாயிரம் பிரதி அடித்தாலும் ஒரு லட்சம் பிரதி அடித்தாலும் ஒன்றேதான். மையும் நீரும் சமன்பட்டு எழுத்து தெளிவாக விழும்வரை ஓடும் தாள்கள் எப்படியும் கழிவுக்குப் போகும். விநியோக வண்டி 300 கட்டு இறக்கினாலும் 30 கட்டு இறக்கினாலும் அதே பாதையில் அதே தொலைவு ஓடியாக வேண்டும். ஆகவே விற்பனை பாதியாகக் குறைந்தால் செலவு பாதியாகக் குறைவதில்லை. மிஞ்சிய ஒவ்வொரு பிரதியின் மேலும் கூடுதலான சுமை ஏறுகிறது. போதாக்குறைக்கு, நாளிதழ்த் தாள் தயாரித்த ஆலைகள் பலவும், இணைய வணிகத்துக்குப் பெட்டிகள் தேவைப்பட்ட காலத்தில், அட்டைத் தாள் தயாரிப்புக்கு மாறின.

இந்நிலையில் நிர்வாகங்கள் செய்தது என்ன என்பதை நான் உள்ளிருந்து பார்த்தேன். விலையைக் கூட்டினார்கள், பக்கத்தைக் குறைத்தார்கள், வெளியூர் நிருபர்களைத் திரும்ப அழைத்தார்கள். கணினியில் எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருள் வந்துவிட்டது என்று சொல்லிப் பிழை திருத்தும் பிரிவையும் பல இடங்களில் மூடினார்கள். கூடுதல் விலை கொடுத்துக் குறைவான செய்தியைப் பிழைகளோடு வாங்க வேண்டியிருந்த வாசகர் விலகிப்போனால், அவருக்குப் படிப்பதில் ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டலாமா?

அடுத்தது, எந்த வடிவில் வந்தாலும் செய்தி செய்திதான் என்ற வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பை இங்கிலாந்தின் ‘தி இன்டிபென்டன்ட்’ நாளிதழ் அளித்திருக்கிறது. 1986இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2016 மார்ச்சில் அச்சை முற்றிலும் நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. நீல் தர்மன், ரிச்சர்ட் ஃபிளெட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குப் பிந்தைய ஓராண்டை ஆராய்ந்தார்கள். அச்சு நின்றபின், பிரிட்டன் வாசகர்கள் அந்த நாளிதழைப் படிப்பதில் செலவிட்ட மொத்த நேரம் 81 விழுக்காடு குறைந்துபோனதாக அவர்கள் கண்டார்கள். அச்சுப் பிரதியை வாங்கியவர்கள் எண்ணிக்கையில் சிலரே. ஆனால் அவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ நாள்தோறும் படித்தார்கள், ஒவ்வொரு நாளும் அரைமணி நேரத்துக்கு மேல் அதோடு உட்கார்ந்தார்கள். இணையத்தில் வந்தவர்களோ சராசரியாக மாதத்துக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் வந்து, மாதம் முழுவதற்கும் சேர்த்து ஆறு நிமிடத்தின் அளவிலேயே படித்தார்கள். எழுதியது அதே நிறுவனம், எழுதப்பட்ட மொழியும் அதுவே. படித்த விதம் மட்டும் வேறாகிவிட்டது. அச்சை நிறுத்தியதால் அந்த நிறுவனத்தின் வரவு செலவு சீரடைந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அச்சில் படித்தவர்கள் அப்படியே இணையத்துக்கு வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே மெய்ப்படவில்லை.

வியன்னாவின் ‘வீனர் சைட்டுங்’ நாளிதழும் இப்படித்தான் நின்றது. 1703 ஆகஸ்டில் தொடங்கி, உலகின் மிகப் பழைய நாளிதழ்களில் ஒன்றாக விளங்கிய அது, நிறுவனங்கள் தம் அறிவிப்புகளைக் கட்டணம் செலுத்தி அதில் வெளியிட வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டதும் வருவாய் இழந்து, 2023 ஜூன் 30 அன்று தன் கடைசி அச்சு நாளிதழை வெளியிட்டது. அதன் முதல் பக்கத்தில் பெரிய கட்டுரை எதுவும் இல்லை. 1,16,840 நாள்கள், 12 குடியரசுத் தலைவர்கள், 10 பேரரசர்கள், 2 குடியரசுகள், 1 நாளிதழ் என்று கணக்கை மட்டும் அச்சிட்டிருந்தார்கள். பேரரசர்கள் மாறியும் போர்கள் மூண்டும் ஓய்ந்தும் போன 300 ஆண்டுகளைத் தாண்டி வந்த ஒரு நாளிதழை ஒரு வருவாய் விதியின் நீக்கம் நிறுத்திவிட்டதைப் படித்தபோது, அந்த இரவு அங்கே கடைசிப் பக்கத்தின் மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியைப் பார்த்தவர் யாராக இருப்பார் என்றுதான் என் மனம் எண்ணியது.

இனி என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், முதல் பக்கம் அச்சுக்குப் போகப் பத்து நிமிடம் இருந்தபோது, ஒரு சாலை விபத்துச் செய்தி வந்தது. இறந்தவர்கள் நான்கு பேர், காயமடைந்தவர்கள் பதினொரு பேர், எல்லோர் பெயரும் வயதும் இருந்தன. நான் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒரு றகரமும் ரகரமும் மாறியிருந்ததைக்கூடத் திருத்தினேன். ஆனால் ‘காயமடைந்தோர்’ என்ற துணைத் தலைப்பு ஒரு வரி கீழே இறங்கியிருந்ததை என் கண் பார்க்கவில்லை. அதனால் காயமடைந்தோர் பட்டியலின் முதல் பெயர் இறந்தோர் பட்டியலின் ஐந்தாவது பெயராக அச்சாகிவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள் என்று மேலே சொல்லிவிட்டுக் கீழே ஐந்து பெயரை வரிசைப்படுத்தியிருந்தோம். அதை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முற்பகலில் அந்த மனிதரின் தம்பி நாளிதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். அவர் கத்தவில்லை. “எங்க அம்மா இதைப் படிச்சிட்டாங்க” என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு தம் கையாலேயே ஐந்து வரித் திருத்தத்தை எழுதினார். முதல் நாள் தவறு வந்த அதே முதல் பக்கத்தில், அதே இடத்தில், கட்டம் போட்டு, யார் பெயர் எங்கே தவறாக வந்தது, உண்மை என்ன என்பதைச் சொல்லி, ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லோடு அது வெளியாயிற்று. அந்த ஐந்து வரியை நான் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். தவறு வந்த பக்கத்தின் நறுக்கையும் திருத்தம் வந்த பக்கத்தின் நறுக்கையும் ஒன்றாக ஊசி குத்தி இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அச்சில் வந்ததை எந்த வீட்டிலிருந்தும் திரும்பப் பெற முடியாது. அந்த அச்சம்தான் எங்கள் தொழிலின் ஒழுங்கு. நிருபர் ஒரு பெயரை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்ததும், உதவி ஆசிரியர் ஓர் எண்ணின் கீழே பேனாவால் கோடிட்டு நிறுத்திவைத்ததும், ஐயம் தீராத செய்தியை ஆசிரியர் மறுநாளைக்குத் தள்ளிவைத்ததும் அந்த அச்சத்தால்தான். இரவு ஒரு மணிக்குப் பக்கம் மூடப்படும்; அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது; விடிந்ததும் எல்லோர் கையிலும் ஒரே பக்கம் இருக்கும். தவறு செய்தால் எல்லோர் முன்னிலையிலும் செய்தோம், திருத்தினால் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினோம்.

சென்ற ஆண்டு ஒரு செய்தித் தளத்தில் ஒரு விபத்துச் செய்தியைக் காலையில் படித்தேன். மாலையில் அதே பக்கத்தைத் திறந்தபோது இறந்தவர் எண்ணிக்கை மாறியிருந்தது, தலைப்பும் மாறியிருந்தது, காலையில் விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருந்தவரைப் பற்றிய பத்தி முழுவதுமாக இல்லை. மாற்றம் செய்ததாக ஒரு வரி அறிவிப்புக்கூட இல்லை. விவரம் தெரியத் தெரிய எண்ணிக்கை மாறுவது இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் காலையில் பெயர் சுட்டப்பட்ட அந்த மனிதரைப் பற்றிப் படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் மாலையில் திரும்ப வந்து பார்த்தார்களா? அவர் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து காட்டுவதற்குத் தாளும் இல்லையே.

ஆவணம் என்ற வகையிலும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளிதழ்த் தாள் ஒன்றும் சாகாவரம் பெற்றதில்லை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். அமிலம் ஏறி மடிப்பில் உடையும். இருந்தாலும் ஒரே நாளில் பல ஆயிரம் இடங்களுக்குப் பிரிந்து போய்விடுவதால், ஏதாவது ஒரு நூலகத்தில், ஏதாவது ஒரு பரணில் ஒரு பிரதி எஞ்சிவிடுகிறது. வெளியிட்டவரே நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. இணையப் பக்கத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 2017 நவம்பரில் நியூயார்க்கின் டிஎன்ஏஇன்ஃபோ, கோதமிஸ்ட் என்ற இரு உள்ளூர்ச் செய்தித் தளங்களை அவற்றின் உரிமையாளர் ஒரே நாளில் மூடியபோது, அவற்றில் பல ஆண்டுகளாக வெளிவந்த செய்திகள் அனைத்தும் அன்று மாலையே காணாமல் போய், அவற்றின் இடத்தில் அவருடைய கடிதம் ஒன்று மட்டும் நின்றது. எதிர்ப்புக்குப் பின் பழைய செய்திகள் திரும்ப வந்தன என்பது ஆறுதல்தான். ஆனால் ஒருவர் கையில் உள்ள பொத்தானால் ஒரு நகரத்தின் பல ஆண்டு நினைவு மறையக்கூடும் என்பதை அந்த மாலை காட்டிவிட்டது.

இவற்றைவிட என்னை உறுத்துவது, நாளிதழ் இல்லாத ஊருக்கு என்ன நேர்கிறது என்பது. கலிபோர்னியாவில் பெல் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஏழைத் தொழிலாளர் மிகுந்த அந்த நகரின் மன்றக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்று எழுதும் நிருபர் எவரும் இல்லாத காலத்தில், அதன் நிர்வாக அலுவலர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் ஊதியம் பெற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்க அதிபரின் ஆண்டு ஊதியமே 4 லட்சம் டாலர்தான். பக்கத்து நகரைப் பற்றி விசாரிக்கச் சென்ற ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நிருபர்களின் காதில் இது விழுந்து, 2010 ஜூலையில் அவர்கள் எழுதிய பிறகுதான் அந்த ஊர் மக்களுக்கே தெரியவந்தது. பின்னர் அந்த அலுவலரும் மன்ற உறுப்பினர் பலரும் தண்டிக்கப்பட்டார்கள். அந்தச் செய்திக்கு 2011இல் அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசும் கிடைத்தது. நான் நினைப்பது, பக்கத்து ஊருக்கு அன்று நிருபர்கள் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான்.

அதேபோல் அமெரிக்காவின் ‘சின்சினாட்டி போஸ்ட்’ என்ற மாலை நாளிதழ் 2007 டிசம்பர் 31 அன்று நின்றது. அப்போது அதன் விற்பனை சுமார் 27,000 பிரதிகள்தான். இவ்வளவு சிறிய நாளிதழ் நின்றால் யாருக்கு என்ன என்று தோன்றலாம். அந்த நாளிதழைப் பெரிதும் நம்பியிருந்த புறநகர்களில் அடுத்து நடந்த தேர்தல்களில் போட்டியிட்டவர்கள் குறைந்தார்கள், பதவியில் இருந்தவர்களே மீண்டும் வெல்லும் வாய்ப்புக் கூடியது, வாக்களித்தவர்களும் குறைந்தார்கள் என்று பொருளாதார அறிஞர் இருவர் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க உள்ளாட்சிக் கடன் பத்திரங்களை ஆராய்ந்த வேறொரு குழு, உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட பகுதிகளில் உள்ளாட்சி வாங்கும் கடனுக்கான வட்டி நூற்றுக்கு 0.05 முதல் 0.11 வரை கூடியதைக் கண்டது. கண்காணிக்க ஆளில்லாத நிர்வாகத்துக்குக் கடன் கொடுப்பவர் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை வாங்குகிறார். அந்த வட்டியைக் கட்டுபவர்கள் ஊர் மக்கள். நாளிதழை வாங்காததால் மிச்சப்பட்டதாக அவர்கள் நினைத்த காசு இப்படி வேறு வழியில் போகிறது.

இணையத்தின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. வாழ்நாளெல்லாம் எழுத்தைப் பார்த்தவருக்கு நாளிதழ் வெறும் தாளாகிவிட்டது. இப்போது அவருடைய கைப்பேசி தலையங்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறது, காலையில் என்னை அழைத்து, “தலையங்கத்தின் மூன்றாவது பத்தியில் ஒருமை பன்மை மயங்கியிருக்கிறது, கேட்டாயா?” என்கிறார். அயல்நாட்டில் வாழ்பவர்களுக்கும், இரவு வேலைக்குச் செல்பவர்களுக்கும், வெள்ளத்தில் சிக்கி உதவி தேடுபவர்களுக்கும் அச்சு நாளிதழ் கொடுக்க முடியாததை இணையம் கொடுக்கிறது. அச்சு இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்ற ஜப்பானின் ‘யோமியூரி ஷிம்புன்’ நாளிதழே இன்று 60 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கும்போது, சிறிய நாளிதழ்கள் எப்போதும் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அதனால் அச்சை என்றென்றும் நடத்துங்கள் என்று தங்களிடம் நான் கேட்கவில்லை. நடத்த முடிந்த நாள்வரை நன்றாக நடத்துங்கள் என்றே கேட்கிறேன். பக்கங்கள் குறைவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உள்ளாட்சி மன்றக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் நிருபரைக் குறைத்துவிட்டு, வேறெங்கோ எழுதியதை எடுத்துப் பக்கத்தை நிரப்புவதைத்தான் அவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பிரதிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, அதில் வாசகர் கொடுப்பது எவ்வளவு, விளம்பரம் கொடுப்பது எவ்வளவு என்பதை ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படையாக அச்சிட்டுப் பாருங்கள். கனடாவின் மாண்ட்ரியலில் வெளிவந்த ‘லா பிரெஸ்’ அச்சைப் படிப்படியாக நிறுத்தி, 2018இல் இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் மாறிய பிறகு, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் செய்திக்கே வாசகர்கள் தாமாக முன்வந்து நன்கொடை அளிக்கிறார்கள். செலவின் கணக்கைச் சொன்னால் புரிந்துகொள்ளும் வாசகர்கள் தமிழிலும் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிக் கேட்கப்பட்டால் கொடுப்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.

தங்கள் இணையதளத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாளுக்கு ஒருமுறையாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பக்கங்களை மூடி, அன்றைய பதிப்பு இதுதான் என்று நிலைநிறுத்துங்கள். அதன் பிறகு எதை மாற்றினாலும் என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்பதை அந்தச் செய்தியின் மேலேயே சொல்லுங்கள். ஒருவரைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால், தவறு எத்தனை பேர் கண்ணில் பட்டதோ அத்தனை பேர் கண்ணிலும் திருத்தம் படும்படி முகப்பில் வையுங்கள். பழைய பதிப்புகளைத் தங்கள் நிறுவனத்தின் கணினியில் மட்டும் வைத்திராமல், ஒரு படியைப் பொது நூலகம் ஒன்றின் பொறுப்பிலும் கொடுத்துவையுங்கள். இவற்றுக்குப் பெரிய பொருட்செலவு தேவையில்லை.

நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், இன்னாரால் இன்ன இடத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது, ஆசிரியர் இன்னார் என்று ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருந்தாக வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்திலேயே விதி இருந்தது. வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள். நான் என் பணிக்காலம் முழுவதும் ஒவ்வோர் இரவும் அதைத்தான் கடைசியாகப் படித்தேன்; அதில் பிழை இல்லை என்று கண்ட பிறகே மெய்ப்பில் கையொப்பமிட்டு அனுப்பினேன். அன்றைய நாளிதழில் வந்த எந்தச் சொல்லுக்கும் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை அந்த வரி சொன்னது. விபத்துச் செய்தியைப் படித்துவிட்டு வந்த அந்தத் தம்பியும் அதைப் பார்த்துத்தான் முகவரி கண்டுபிடித்து வந்ததாகச் சொன்னார். தங்கள் இணையதளத்தில் வரும் ஒவ்வொரு செய்தியின் அடியிலும், பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயரோடும் நேரில் வந்து கேட்கத்தக்க முகவரியோடும், அப்படியொரு வரி இடம்பெற ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பிழை திருத்துநர்